நாலு வரியும் பதினெட்டு கையெழுத்தும்

உட்காருங்க தம்பி, உட்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் சீக்கிரம் கூப்பிட்டுருவாங்களா? இந்தப் பக்கம் வாங்க, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரத்துல வெயில் வந்துரும். சரியா பத்தே முக்காலுக்கு வரும். எனக்குத் தெரியும். பதினெட்டு நாளா தினமும் இந்த பெஞ்சுலதான் உட்கார்றேன். ஸ்டேஷன்ல நமக்குன்னு இருக்கிற ஒரே மரியாதை இந்த பெஞ்சுதான், அதுவும் ஒரு கால் ஆடுது.

என்ன விஷயமா வந்தீங்க? ஆர்.சி. புக்கு தொலைஞ்சுருச்சா. புகார் எழுதிட்டீங்களா? காட்டுங்க பார்ப்போம். ம். ம். எப்போ தொலைஞ்சுதுன்னு இல்லை. எங்க தொலைஞ்சுதுன்னு இல்லை. பொருள்னு ஒரு வரி வேணாமா? கோவிச்சுக்காதீங்க, இதைப் படிச்சா உள்ள இருக்கிற ரைட்டர் டீ கிளாஸுக்கு அடியில வச்சுக்குவான். ஒரு பேனா கொடுங்க, நான் போட்டுத் தர்றேன்.

மாவட்டக் கல்வி அலுவலகத்துல முப்பத்துமூணு வருஷம் இருந்தவன் நான். கண்காணிப்பாளரா ரிட்டையர் ஆனேன். சபாபதி வரைவுன்னா அதிகாரிங்க படிச்சுப் பார்க்கவே மாட்டாங்க, நேரா கையெழுத்துதான். எத்தனை அதிகாரி வந்தான், எத்தனை அதிகாரி போனான். ஒருத்தனுக்கும் சொந்தமா நாலு வரி எழுத வராது. எழுதுறது நான், கையெழுத்து அவங்க. அதுதான் தம்பி ஆபீஸு. எழுதினவன் பேரு எங்கயும் வராது. ஓரத்துல கொசு மாதிரி ஒரு சுருக்கொப்பம் இருக்கும், அதை எவனும் பார்க்க மாட்டான்.

ஒரு தடவை ஒரு தலைமையாசிரியருக்கு மெமோ போட்டேன். விளக்கம் கேட்டுதான். ஆனா கேட்ட விதம் இருக்கே, அந்த ஆளு படிச்சுட்டு பள்ளிக்கூடத்துலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாரு. மறுநாள் சங்கத்து ஆளுங்க நாப்பது பேரு வந்து எங்க அதிகாரியைச் சுத்தி நின்னு கத்துறாங்க. பாவம், அதிகாரிக்கு என்ன எழுதியிருக்குன்னே தெரியாது. நான் பக்கத்து ரூம்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். யாராவது என்னைத் தேடினாங்களா? தேட மாட்டாங்க. கையெழுத்துப் போட்டவனைத்தான் உலகம் தேடும்.

என் விஷயமா? அதை ஏன் கேட்கிறீங்க. நாலு வரி தம்பி. பேஸ்புக்குல நாலே நாலு வரி. கொலை பண்ணினவன் வெளிய திரியிறான், நாலு வரிக்கு முப்பது நாள் ஸ்டேஷன்ல வந்து கையெழுத்துப் போடணும்னு கோர்ட்டு சொல்லுது. முன்ஜாமீன் கொடுத்தாங்களாம், அதுக்கு நிபந்தனையாம். காலையில பத்தரை மணி. ஒரு நாள் பத்தே முப்பத்தஞ்சுக்கு வந்தோம், அதுக்கு அந்த ரைட்டர் கடிகாரத்தைப் பார்த்த பார்வை இருக்கே. அவன் பாதி நாள் வர்றதே பதினொண்ணுக்கு.

எல்லாம் அந்தக் கருவூலத்துல ஆரம்பிச்சது. பென்ஷன் வாங்குறவன் வருஷத்துக்கு ஒரு தடவை அங்க போய், நான் இன்னும் சாகலைன்னு காட்டணும். நேர்காணல்னு பேரு. பொங்கல் முடிஞ்ச வாரம் போனேன். அங்க ஒரு பொண்ணு இருந்துச்சு, தேன்மொழியாம். பேரைப் பாருங்க. வயசு இருபத்தஞ்சு, இருபத்தாறு இருக்கும். வேலைக்கு வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. இந்த மாதிரி மூணு பேரு என் மேசைக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நின்னது உண்டு.

மெஷின்ல விரலை வைக்கச் சொன்னா. வச்சேன். எடுக்கலை. இன்னொரு விரலை வைக்கச் சொன்னா. எடுக்கலை. பத்து விரலும் வச்சாச்சு. பின்னால இருபது பேரு நிக்கிறாங்க, அதுல பாதிப் பேரு என்கிட்ட ஃபைல் தூக்கிக்கிட்டு வந்தவனுங்க. அந்தப் பொண்ணு எந்திரிச்சு வந்து, ஈரத் துணியால என் விரலைத் துடைச்சு, சின்னப் பிள்ளை கையைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு மெஷின்ல அழுத்துறா. "விரலைத் தளர்த்திக்குங்க ஐயா"ங்கிறா. அப்பவும் எடுக்கலை. உடனே என்ன சொன்னா தெரியுமா? "வயசானா ரேகை தேஞ்சுரும்ங்க ஐயா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, அடுத்த வாரம் கண்ணைப் பார்க்கிற மெஷின் வருது, நானே போன் பண்ணிச் சொல்றேன்"னா.

பயப்படாதீங்களாம். நான் எதுக்குப் பயப்படணும்? அது மட்டும் இல்லை. நான் திரும்பி நடக்கும்போது பக்கத்து சீட்டுக்காரிகிட்ட, "அந்தத் தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடு, ரொம்ப நேரமா நிக்கிறாரு"ன்னு சொல்றா. தாத்தா. கண்காணிப்பாளர் சபாபதி தாத்தாவாம். இருபது பேரு காதுல விழுது.

நல்லவதானேன்னு கேட்கிறீங்க. உங்களுக்கு ஆபீஸ் தெரியாது தம்பி. நல்லவ மாதிரி பேசித்தான் மனுஷனைக் கீழ இறக்குவாங்க.

அன்னிக்கு சாயங்காலம் பேஸ்புக்கைத் திறக்கிறேன், எங்க ஊரு பேர்ல இருக்கிற பக்கத்துல அவ போட்டோ நிக்குது. அலுவலகப் பொங்கல் விழாவாம், கோலப் போட்டியில முதல் பரிசாம். பட்டுப் புடவை கட்டிக்கிட்டு சான்றிதழைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. பக்கத்துல அவங்க அதிகாரி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான். என் விரலை எடுக்காத மெஷினை வச்சுக்கிட்டு இவளுக்குக் கோலம் கேக்குது. அப்படியே எழுதினேன். மூணு வரி ஆபீஸ் லட்சணத்தைப் பத்தி. எத்தனை மணிக்கு வர்றாங்க, எத்தனை மணிக்கு டீ, மெஷின் எப்போ வேலை செய்யும். அதுல ஒரு குத்தமும் கிடையாது, வக்கீலே சொன்னாரு. நாலாவது வரிதான் பிரச்சினையாம்.

சொல்றேன், சொல்றேன். "இந்த வேலை எந்த மார்க்குல கிடைச்சதுன்னு பக்கத்துல நிற்கிற அதிகாரியோட சிரிப்பைப் பார்த்தாலே தெரிகிறது." அவ்வளவுதான். இதுல கெட்ட வார்த்தை ஏதாவது இருக்கா? நீங்களே சொல்லுங்க. ஒரு சந்தேகம் எழுப்பினேன். முப்பத்துமூணு வருஷம் சந்தேகம் எழுப்புறதுதான் எனக்குச் சம்பளம் கொடுத்த வேலை.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? நான் என்ன அவளைப் பேர் சொல்லியா எழுதினேன்? சரி, அவ போட்டோவுக்குக் கீழதான் எழுதினேன்.

இருநூத்திப் பன்னெண்டு பேரு சிரிச்சாங்க தம்பி. ஒரே ராத்திரியில. தெரியாதவன், தெரிஞ்சவன், துபாய்ல இருக்கிறவன். "சாட்டையடி ஐயா"ன்னு ஒருத்தன். "இப்படி எழுத ஒரு ஆள் இல்லையேன்னு ஏங்கினோம்"னு ஒருத்தன். முப்பத்துமூணு வருஷம் எழுதினேன், நல்லாயிருக்குன்னு ஒருத்தன் சொன்னதில்லை. அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, மறைப்பானேன். கல்யாணத்துக்குப் பெறகு அப்படி ஒரு சந்தோஷம் இல்லைன்னுகூடச் சொல்லலாம்.

ரெண்டு நாள் கழிச்சு எடுத்துட்டேன். யாரோ அவ வீட்டுக்காரங்களுக்கு அனுப்பிட்டானாம், பிரச்சினைன்னு காதுல விழுந்துச்சு. எடுத்துட்டா முடிஞ்சுது இல்லையா? ஆபீஸ்ல ஃபைல்லேர்ந்து ஒரு தாளை உருவிட்டா அப்படி ஒரு கடிதமே கிடையாது. எத்தனை தாள் உருவியிருக்கேன். ஆனா இந்தக் காலத்துல ஒவ்வொருத்தனும் போட்டோ பிடிச்சு வச்சுக்கிறான். நான் எடுத்ததுக்கு அப்புறம்தான் அது ஊரெல்லாம் சுத்துச்சு. அதுக்கும் நான்தான் பொறுப்பாம். பரப்பினவன் இருநூத்திப் பன்னெண்டு பேரு, அதுல ஒருத்தனாவது இந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கானா பாருங்க. சாட்டையடின்னு எழுதினவன் என்னை பிளாக் பண்ணிட்டான்.

அவ வேலைக்குப் பத்து நாள் வரலையாம். மாமியார் வீட்டுல ஏதோ பேச்சாம், இப்போ அம்மா வீட்டுல இருக்காளாம். அதெல்லாம் குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும், நாலு வரியிலயா குடும்பம் உடையும்? அப்படி உடையுற குடும்பம் முன்னாடியே விரிசல் விட்டிருக்கும். நான் அப்படித்தான் நினைக்கிறேன். அப்படித்தான் நினைச்சாகணும்.

இன்னிக்கு என்ன இவ்வளவு நேரம்? வழக்கமா அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்துருவா.

யாரா? என் பொண்ணு. செண்பகம். உள்ள கையெழுத்துப் போடப் போயிருக்கா. ஆமா தம்பி, கையெழுத்து எனக்கில்லை, அவளுக்குத்தான். நான் துணைக்கு வர்றேன். பொம்பளைப் பிள்ளையைத் தனியா ஸ்டேஷனுக்கு அனுப்ப முடியுமா? அப்பான்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்?

இருங்க, முழுசாக் கேளுங்க, அதுக்குள்ள முகத்தைச் சுளிக்காதீங்க. ரிட்டையர் ஆனப்போ ஒரு போன் வாங்கினேன். சிம்மு அவ காலேஜ் படிக்கும்போது அவ ஆதாரைக் கொடுத்து வாங்கினது, வீட்டுல சும்மா கிடந்துச்சு, போட்டுக்கிட்டேன். பேஸ்புக்கையும் அவதான் திறந்து கொடுத்தா. என் பேரைப் போடலை. பென்ஷன்காரன் சொந்தப் பேர்ல எழுதுவானா? உண்மை விளம்பின்னு பேரு வச்சேன். இந்தப் பொய்ப் பேர்ல ஒளிஞ்சுக்கிட்டு எழுதுற பயலுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆனா என் விஷயம் வேற. நான் எழுதுறது பொதுநலம்.

சைபர் கிரைம்காரன் பேஸ்புக்குகிட்ட நம்பரைக் கேட்டிருக்கான், நம்பரை வச்சு சிம்முக்காரனைக் கேட்டிருக்கான், செண்பகம், தகப்பனார் பெயர் சபாபதின்னு வந்துருச்சு. ஒரு நாள் காலையில பெல் அடிக்குது. ஒரு ஏட்டு, ஒரு லேடி கான்ஸ்டபிள். "செண்பகம் யாரு?"ன்னு கேட்டாங்க. அவதான் கதவைத் திறந்தா. அந்த நம்பரைச் சொல்லி, இது உன்னுதான்னு கேட்கிறாங்க. நான் ஹால்ல நாற்காலியில உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன். போன் என் பக்கத்துல டீப்பாய் மேல கிடக்கு.

அவ திரும்பி என்னைப் பார்த்தா.

நான் பேப்பரை மடிச்சேன். என்ன ஏதுன்னு தெரியாம திடீர்னு வாயைத் திறக்கக் கூடாது தம்பி, அது ஆபீஸ் பாடம். எதுவா இருந்தாலும் முதல்ல ஃபைலைப் படிக்கணும். நான் யோசிச்சுக்கிட்டு இருக்கும்போதே அவ வந்து டீப்பாய் மேல கிடந்த போனை எடுத்து, "என் நம்பர்தான்"னு சொல்லிக் கொடுத்துட்டா. யாரு சொல்லச் சொன்னா? நானா சொன்னேன்? ஒரு வார்த்தை நான் சொல்லலை. அவளா சொன்னா. ஒரு அரை நிமிஷம் பொறுத்திருந்தா நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்புறம் வக்கீல் கோதண்டத்தைப் பார்த்தோம். அந்த ஆளு சட்டையில பாக்கெட்டு மட்டும்தான் கனமா இருக்கும். ஆனா ஒண்ணு சரியாச் சொன்னாரு. சின்னப் பொண்ணு, முதல் கேஸு, கோர்ட்டு இரக்கம் காட்டும். உங்க பேரு வந்து தண்டனைன்னு ஆச்சுன்னா பென்ஷன்ல கை வைக்கலாம், விதி இருக்குன்னாரு. விதி எனக்குத் தெரியாதா? நான் எத்தனை பேருக்கு அந்த விதியைக் காட்டியிருக்கேன். பென்ஷன் நின்னா சாப்பிடுறது யாரு? அவளும்தானே சாப்பிடுறா? அப்போ இது அவளுக்காகவும்தானே செஞ்சது?

மூணு பிரிவு போட்டிருக்காங்க தம்பி. பெண்ணை அவமானப்படுத்தினது ஒண்ணு, பெண்ணைத் தொந்தரவு பண்ணினது ஒண்ணு, பேரைக் கெடுத்தது ஒண்ணு. ஒரு வரிக்கு மூணு. ஒரு பொண்ணு இன்னொரு பொண்ணைப் பத்தி எழுதினதுன்னு கேஸு நிக்குது, அது அவங்களுக்கே விசித்திரமாத் தெரியலை. எல்லாம் படிச்சுட்டு வந்தவனுங்க.

வீட்டுல ரெண்டு பேரும் என்கூடப் பேசுறதில்லை. என் சம்சாரம் தட்டை வைக்கிறா, போயிடுறா. நல்லதுதான், நிம்மதியா பேப்பர் படிக்கலாம். செண்பகம் ஒரே ஒரு தடவை கேட்டா. முதல் நாள் இங்க கையெழுத்துப் போட்டுட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாப்புல. "அப்பா, நீங்க சொல்லிடுங்கப்பா." அவ்வளவுதான் கேட்டா. பார்க்கலாம்மான்னேன். அதுக்கப்புறம் கேட்கலை. பதினேழு நாளாச்சு. பஸ்ல எனக்கு சீட்டு பிடிச்சுக் கொடுத்துட்டு அவ நின்னுக்கிட்டே வருவா, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு.

இதுல இன்னொரு கூத்து. அவ குரூப் ஃபோர் பரீட்சையில தேறிட்டா. ஆமா, இளநிலை உதவியாளர். மூணு வருஷமா நூலகத்துல காலையில போனா சாயங்காலம்தான் வருவா, தூக்குல தயிர்சாதம் எடுத்துக்கிட்டுப் போவா. இப்போ வெள்ளிக்கிழமை சென்னையில சான்றிதழ் சரிபார்ப்பு. இந்தக் கேஸு நிக்குது. அந்தப் படிவத்துல ஒரு கேள்வி இருக்கு, உங்க மேல குற்றவழக்கு எதுவும் நிலுவையில் உள்ளதான்னு. இருக்குன்னு எழுதினா வேலை போச்சு. இல்லைன்னு எழுதினா பின்னால தெரிஞ்சு வேலை போச்சு.

அந்தப் பொண்ணு தேன்மொழியா? ஆமா, அவளும் அதே பரீட்சைதான் எழுதி வந்தா. அதனால என்ன? என் பொண்ணு கஷ்டப்பட்டுப் படிச்சு வந்தவ. எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். அந்தப் பொண்ணு எப்படி வந்தாளோ நான் பார்த்தேனா? பார்க்காததைப் பத்திச் சந்தேகம் வரத்தான் செய்யும்.

பார்த்தீங்களா, வெயில் வந்துருச்சு. கொஞ்சம் தள்ளி உட்காருங்க.

போன வாரம் அந்தத் தேன்மொழியை இங்க கூப்பிட்டிருந்தாங்க, வாக்குமூலம் வாங்க. இதே பெஞ்சுக்கு எதிர்ல, அந்தப் புங்க மரத்தடியில நின்னா. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னா. என் முகம் ஞாபகம் இருந்திருக்கு. நான் தலையைக்கூட ஆட்டலை. செண்பகம் வெளிய வந்தா. தேன்மொழி அவகிட்ட சொல்றா, என் காதுல விழுற மாதிரியே சொல்றா. "இதை நீங்க எழுதலைன்னு எனக்குத் தெரியும்ங்க. எழுதினவங்க என் முன்னாடி வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் கேஸை வாபஸ் வாங்கிக்கிறேன். எனக்கு அவங்களை ஜெயிலுக்கு அனுப்பணும்னு இல்லை. எங்க வீட்டுல காட்ட எனக்கு ஒரு வார்த்தை வேணும்."

எவ்வளவு திமிரு பாருங்க. ஒரு வார்த்தை வேணுமாம், அதுவும் நேர்ல வேணுமாம். நான் போய் மறுபடியும் அவ முன்னால நிக்கணும். ஏற்கெனவே ஒரு தடவை நின்னு என் பத்து விரலும் செல்லாதுன்னு ஆச்சு. மறுபடியும் நின்னா என்ன செல்லும்?

நான் சும்மா இருக்கலை, அதையும் சொல்லிடறேன். வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து ஒரு வருத்தக் கடிதம் எழுதினேன். ரெண்டு பக்கம். அப்படி ஒரு வரைவு நான் சர்வீஸ்லகூடப் போட்டதில்லை. "மேற்படி பதிவினால் தங்கள் மனம் புண்பட்டிருக்கும் பட்சத்தில்"னு ஆரம்பிச்சு, எங்கயும் ஒப்புக்கொள்ளாம, எங்கயும் மறுக்காம, கண்ணாடி மாதிரி எழுதினேன். கீழ செண்பகம் கையெழுத்துக்கு இடம் விட்டு அவகிட்ட நீட்டினேன். அவ ரெண்டு பக்கமும் படிச்சா. மடிச்சு டீப்பாய் மேல வச்சா. அந்தப் போன் கிடந்த இடத்துலேயே வச்சா. எழுத்துல என்ன குறைம்மான்னு கேட்டேன். அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. நன்றிகெட்ட காலம் தம்பி.

இன்னிக்குக் காலையில அந்தப் படிவத்தை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. வழக்குக் கேள்விகிட்ட பேனாவை வச்சுக்கிட்டு எழுதாம இருந்தா. கொடும்மா, அதுக்கு ஒரு வாசகம் இருக்கு, நான் போட்டுத் தர்றேன்னேன். அவ பேனாவை மூடிட்டா. படிவத்தை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, "வாங்க, நேரமாச்சு"ன்னா. பதினேழு நாளைக்கு அப்புறம் என்கூடப் பேசினதே அந்த ரெண்டு வார்த்தைதான். ஸ்டேஷனுக்குப் படிவம் எதுக்குன்னு நானும் கேட்கலை. பத்தரைக்கு உள்ள போனா. இப்போ மணி என்ன? பதினொண்ணேகாலா?

பார்த்தீங்களா, இதுதான் இவனுங்க லட்சணம். ஒரு கையெழுத்துக்கு முக்கால் மணி நேரம். ஒரு வயசுப் பொண்ணை உள்ள உட்கார வச்சு என்ன பண்றான் அந்த ரைட்டர்? ஆளைப் பார்த்தீங்கன்னா தெரியும், தொப்பையும் சிரிப்பும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சிரிப்பு சிரிப்பான். இவனுங்களை எல்லாம் நாலு பேருக்குத் தெரியிற மாதிரி கிழிக்கணும் தம்பி.

உங்க போன்ல பேஸ்புக் இருக்கு இல்லையா? ஒரு அஞ்சு நிமிஷம் கொடுங்களேன். என் போனைத்தான் பறிமுதல் பண்ணிட்டாங்களே, ஒரு மாசமா கையி நமநமங்குது. இந்த ஸ்டேஷனுக்கே ஒரு பக்கம் இருக்கு, மரம் நட்டோம், ஹெல்மெட் கொடுத்தோம்னு போட்டோ போடுவானுங்க. அதுக்குக் கீழ ஒரே ஒரு கமெண்ட். நான் சொல்றேன், நீங்க அடிங்க. இல்லை, நீங்க கொடுத்தா நானே அடிச்சுடறேன். நாலு வரிக்கு மேல போகாது.

ஏன், என்ன பயம்? உங்க பேர்ல ஒண்ணும் வராது. நீங்களா எழுதுறீங்க? எழுதுறது நான். போனை மட்டும்தான் நீங்க கொடுக்கிறீங்க. படிச்ச பிள்ளையா இருக்கீங்க, இதுக்குப் போய் போனை பாக்கெட்டுக்குள்ள திணிக்கிறீங்களே. இப்படிப் பயந்து பயந்துதான் இந்த நாடு இந்தக் கதிக்கு வந்துச்சு. தப்புன்னா தப்புன்னு நிமிர்ந்து சொல்றதுக்கு ஒரு ஆம்பளை இல்லை இந்த ஊர்ல. போங்க, உங்க புகாரை நீங்களே எழுதிக்குங்க.

சரி, சரி, உட்காருங்க. கோபத்துல சொல்லிட்டேன். உட்காருங்க தம்பி.

என்ன, யாரோ கூப்பிடுறாங்களே. அந்த லேடி கான்ஸ்டபிள்தான், படியில நிக்குது. என்ன கேக்குது? சரியாக் கேட்கலையா? எனக்கும் சரியாக் கேட்கலை.

"சபாபதி யாரு?"ங்குதா.

எத்தனையோ சபாபதி இருப்பான். வக்கீல் கோதண்டம் குமாஸ்தாகூட ஒரு சபாபதிதான்னு நினைக்கிறேன். நீங்க ஒண்ணு பண்ணுங்க தம்பி, உங்க வேலை விஷயமாத்தானே உள்ள போகணும், போய் என்ன ஏதுன்னு கேட்டுட்டு வாங்களேன். நான் இங்கயே இருக்கேன். எதுவா இருந்தாலும் முதல்ல என்னன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா.

இருங்க, இருங்க. போகாதீங்க.

செண்பகம் வெளிய வந்துட்டா. பக்கத்துல யாரு, அந்தத் தேன்மொழியா? அவ எப்போ வந்தா? நம்ம கண்ணுல படலையே. அந்தப் படிவம் செண்பகம் கையில இருக்கு. அழுதிருக்காளா? இல்லை, அழுத மாதிரித் தெரியலை. முகம் தெளிவாத்தான் இருக்கு. இவ்வளவு தெளிவா நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. அந்தக் கான்ஸ்டபிள்கிட்ட என்னமோ சொல்றா. கையை நீட்டுறா. எங்க காட்டுறா? பெஞ்சைத்தான் காட்டுறா.

தம்பி, எந்திரிக்காதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அப்படியே உட்கார்ந்திருங்க. நீங்க எந்திரிச்சா நான் தெரிவேன்.